மரத்தில் அம்புத்தண்டு செய்வது எப்படி: இழை பார்ப்பதிலிருந்து நாண்பிளவு வெட்டுவது வரை

மரபு வில்லுக்கு அம்பு செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இறகுக்கும் முனைக்கும் கொடுக்கும் கவனத்தைத் தண்டுக்குக் கொடுப்பதில்லை. ஆனால் நாண் விடுபடும் நொடியில் வில்லின் வலிமை முழுவதையும் தாங்குவது தண்டுதான். அந்த உதையில் அது பக்கவாட்டில் வளைந்து, வில்லின் பிடியைச் சுற்றி நெளிந்து சென்று, பறக்கும்போது மீண்டும் நிமிர வேண்டும். எனவே நல்ல தண்டுக்கு இரண்டு தகுதிகள் இன்றியமையாதவை: மரத்தின் இழை ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும், வளையும் அளவு அந்த வில்லுக்குப் பொருந்த வேண்டும். உருட்சியும் வழவழப்பும் அவற்றுக்கு அடுத்தபடியாக வருபவை. வெட்டிய தண்டு அழகாக உருண்டிருந்தும் இழை குறுக்கே ஓடியிருந்தால் அதை நாணில் ஏற்றக் கூடாது. அது உடையும்போது பின்பாதித் துண்டு ஈட்டிபோல் வில் பிடித்த கைக்குள் பாயக்கூடும். மரச்சாமான் வேலைக்காக விற்கப்படும் உருட்டுக் குச்சிகளை அம்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். அவை இழையைப் பார்த்து வெட்டப்படுபவை அல்ல.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

அம்புக்கு ஏற்ற மரம் எடை குறைவாகவும், அந்த எடைக்கு நல்ல விறைப்புடனும், நேரான இழையுடனும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியிலும் அதையொட்டிய கலிஃபோர்னியாவிலும் வளரும் போர்ட் ஆர்ஃபோர்ட் சிடார் நெடுங்காலமாக அம்புத்தண்டுக்குப் பெயர்பெற்றது. சிட்கா ஸ்ப்ரூஸ் அதைவிட எடை குறைந்தது. டக்ளஸ் ஃபிர் எடை கூடியது, உறுதியும் கூடியது. பாப்ளர், பிர்ச், ஆஷ் போன்ற அகன்ற இலை மரங்களும் பழைய காலத்திலிருந்தே பயன்பட்டு வருகின்றன. 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த ஆயிரக்கணக்கான அம்புகளில் பெரும்பாலானவை பாப்ளர் மரத்தால் ஆனவை. ஆகவே குறிப்பிட்ட ஒரு மரம் கிடைக்கவில்லையே என்று வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கைக்குக் கிடைக்கும் மரத்தின் இழை நேராக இருந்து, அதைக் கோடரியால் பிளக்கும்போது கோணாமல் பிளந்தால், அந்த மரத்தில் தண்டு செய்து பார்க்கலாம்.

ஆண்டு வளையங்களின் நெருக்கமும் பார்க்கத்தக்கது. ஸ்ப்ரூஸ், ஃபிர், சிடார் போன்ற ஊசியிலை மரங்களில் வளையங்கள் நெருங்கியிருந்தால் மரம் கெட்டியாக இருக்கும். ஆஷ் மரத்தில் இது தலைகீழ். அதில் அகன்ற வளையமே உறுதியானது, மிக நெருங்கிய வளையமுள்ள துண்டு பொத்தலாகவும் வலுவற்றும் இருக்கும். கணு, பிசின் பை, பூஞ்சை பிடித்த நிறமாற்றம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அந்தத் துண்டை ஒதுக்கிவிட வேண்டும். குண்டூசித் தலையளவுக் கணுகூடத் தன்னைச் சுற்றியுள்ள இழைகளை விலக்கிவிடும். எட்டு ஒன்பது மில்லிமீட்டர் மட்டுமே தடிமனுள்ள தண்டில் அந்த விலகல் பெரிய குறைதான்.

இழை சாய்ந்தால் எவ்வளவு வலிமை போகும் என்பதை எண்ணிக்கையில் சொல்லலாம். நீளவாட்டில் 10 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் வீதம் இழை பக்கம் விலகினால், மரம் வளைவைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 5 மில்லிமீட்டருக்கு 1 வீதம் விலகினால் ஏறக்குறையப் பாதி போய்விடுகிறது. 20க்கு 1 என்பது வலிமையை அவ்வளவாகக் குறைக்காது. ஆனாலும் அந்தச் சாய்வில் ஓடும் இழை 9 மில்லிமீட்டர் தண்டின் ஒரு பக்கத்தில் நுழைந்து 18 சென்டிமீட்டருக்குள் மறுபக்கம் வெளியேறிவிடும். நான் ஏற்கும் எல்லை அதுதான். அதைவிடச் சாய்ந்ததை விறகோடு சேர்த்துவிடுவேன்.

பிளப்பதா, அறுப்பதா

முழு மரத்துண்டு கிடைக்குமானால் பிளப்பதே சிறந்தது. ரம்பம் தன் போக்கில் நேர்க்கோட்டில் போகும், இழை எங்கே ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. பிளவோ இழையின் வழியைத்தான் பின்பற்றும். பட்டையை உரித்துப் பார்த்தால், மரம் முறுக்கி வளர்ந்திருக்கிறதா என்பது மேற்பரப்பிலுள்ள மெல்லிய வெடிப்புகளின் திசையிலேயே தெரிந்துவிடும். முறுக்கு இல்லாத, கணு இல்லாத, 90 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டை எடுத்து, ஆப்பு வைத்து முதலில் இரண்டாகவும், பிறகு நான்காகவும், பிறகு எட்டாகவும், எப்போதும் சரிபாதியாகவே பிளந்துகொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் பிளவு மெலிந்த பக்கமாக ஓடித் துண்டைக் கெடுத்துவிடும். இறுதியில் 15 மில்லிமீட்டருக்குக் குறையாத சதுரக் குச்சிகளாக அவை வர வேண்டும்.

பலகைதான் கிடைக்கிறது என்றால் அதிலும் வழி உண்டு. பலகையின் தட்டையான முகத்தில் மலைமுகடு போலத் தெரியும் வளைவுகளைப் பார்த்து இழையின் திசையை முடிவு செய்யக் கூடாது. அவை ஆண்டு வளையங்கள் வெட்டுப்பட்ட தோற்றமே தவிர, இழையின் ஓட்டம் அல்ல. அந்த முகத்தில் ஒரு சொட்டு மை விட்டால் அது இழையின் வழியே நீண்டு பரவும். பலகையின் விளிம்போடு ஒப்பிட்டுச் சாய்வைக் கண்டுகொள்ளலாம். அதைவிட நம்பகமான வழி, பலகையின் ஓரத்திலிருந்து ஒரு கீற்றை உளியால் பிளந்தெடுப்பது. பிளவு போன கோட்டையே புதிய விளிம்பாகக் கொண்டு, அதற்கு இணையாக மற்றக் குச்சிகளை அறுத்தெடுக்கலாம்.

பச்சை மரமாக இருந்தால் குச்சிகளின் இரு நுனிகளிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசி, பத்துப் பதினைந்தாகச் சேர்த்து இறுகக் கட்டி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் கிடத்தி வைக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்பதற்குத் தராசுதான் சாட்சி. வாரம் ஒருமுறை ஒரே குச்சியை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும் தண்டை எவ்வளவு நேராக்கினாலும் அது உலரும்போது மீண்டும் கோணும். விறைப்பை அளந்தாலும் அந்த அளவு நிலைக்காது.

மரத்தைப் பிளக்காமலே தண்டு பெற இன்னொரு வழியும் உண்டு. புதர்ச்செடிகள் நேராக விடும் இளங்கொம்புகளில் இழை இயற்கையாகவே முழுநீளமும் அறுபடாமல் இருக்கும். 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஏட்சி மனிதனின் அம்புக்கூட்டில் இருந்த தண்டுகள் பெரும்பாலும் வைபர்னம் என்னும் புதர்ச்செடியின் கொம்புகளால் ஆனவை. அவற்றுள் இரண்டு மட்டுமே முற்றுப்பெற்ற அம்புகள், மீதி பன்னிரண்டும் செய்து முடிக்கப்படாத தண்டுகள். இத்தகைய கொம்புகளை இலையுதிர்ந்த பருவத்தில் வெட்டி, கட்டி உலர்த்தி, பட்டையைச் சீவி எடுத்து, தடித்த அடிப்பகுதி அம்பின் முன்பக்கம் வரும்படி பயன்படுத்துவது வழக்கம். நேராக்கும் வேலைதான் இதில் அதிகம்.

சதுரத்திலிருந்து உருளைக்கு

தண்டை உருட்ட, துளையிட்ட இரும்புத் தகட்டின் வழியே டிரில்லால் குச்சியைச் சுழற்றி இழுக்கும் முறையும் இருக்கிறது. அது விரைவானது, ஆனால் துளை விளிம்பின் கூர் சற்று மழுங்கினாலும் இழை பிய்ந்து சிராய் எழும்பும். கை இழைப்புளியால் சீவுவது நேரம் பிடிக்கும் என்றாலும், மரம் எங்கே இணங்குகிறது, எங்கே எதிர்க்கிறது என்பதைக் கை உடனே உணர்ந்துவிடும். தொடக்கத்தில் சில தண்டுகளையாவது இழைப்புளியால் செய்து பழகுவது நல்லது என்பது என் கருத்து.

இதற்கு ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையில் 90 பாகைக் கோணத்தில் நீளவாட்டில் ஒரு பள்ளம் வெட்டி, அதன் ஒரு முனையில் குச்சி நகராமல் தடுக்க ஒரு திருகாணியை இறக்கிக்கொள்ள வேண்டும். கட்டை நேராக இல்லாவிட்டால் தண்டும் நேராக வராது. 11/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு வேண்டுமென்றால், முதலில் குச்சியை நான்கு பக்கமும் சீவி 9.5 மில்லிமீட்டர் சதுரமாக்க வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு ஓர் இடம் வீதம் வெர்னியர் காலிப்பரால் அளந்து, சதுரம் எங்கும் ஒரே அளவாக இருப்பதை இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். சதுரத்தில் விட்ட பிழை உருளை வரைக்கும் கூடவே வரும்.

பிறகு ஒவ்வொரு முகத்திலும் இரு விளிம்புகளிலிருந்தும் 2.8 மில்லிமீட்டர் தள்ளிப் பென்சில் கோடு இட்டு, குச்சியைப் பள்ளத்தில் வைத்து, மேலே துருத்தும் மூலையைக் கோடு வரை சீவினால் எட்டு முகம் கிடைக்கும். வேறு அளவுச் சதுரமானால் அதன் அகலத்தை 0.293ஆல் பெருக்கிக் கோட்டின் தூரத்தைப் பெறலாம். எட்டு மூலைகளையும் எண்ணி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் மெல்லிய சீவல் எடுத்தால் பதினாறு முகமாகிவிடும். இழைப்புளியின் அலகு கூராகவும் மிகக் குறைவாகவும் வெளியே நீட்டியிருக்க வேண்டும். சீவல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக, தண்டின் முழுநீளத்துக்கும் அறுபடாமல் சுருண்டு வந்தால் சீவும் திசை சரி. பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, அலகு மரத்துக்குள் கவ்வி இறங்க முயன்றாலோ, இழைக்கு எதிர்த் திசையில் சீவுகிறோம் என்று பொருள். அந்த இடத்திலேயே நிறுத்தி, குச்சியை முனை மாற்றிப் போட வேண்டும்.

எஞ்சிய மூலைகளை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். ஒரு சிறு கட்டையில் அரைவட்டப் பள்ளம் எடுத்து, 80ஆம் எண் உப்புத்தாளை அதில் பதித்து, தண்டைச் சுழற்றியபடி முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்து, அடுத்து 120, அதன்பின் 220 என்று மாற வேண்டும். டிரில்லில் மாட்டிச் சுழற்றுவதானால் வேகம் குறைவாக இருக்கட்டும், கையுறை வேண்டாம், தூசு மூக்கில் ஏறாதபடி முகக்கவசம் கட்டாயம் அணிய வேண்டும். கடைசித் தேய்ப்பு எப்போதும் நீளவாட்டில், இழையோடு இருக்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல்கள் முறிவு தொடங்கும் இடங்களாகலாம்.

விறைப்பை அளத்தல்

தண்டு 9 மில்லிமீட்டரை நெருங்கியதும் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு அளவுகருவிக்குப் போக வேண்டும். வில்லாளர்கள் ஸ்பைன் என்று குறிப்பிடும் விறைப்பை அளக்கும் கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு பலகையில் 26 அங்குலம், அதாவது 66 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு ஆணிகளை அடித்து, தண்டை அவற்றின்மேல் கிடத்தி, சரிநடுவில் 2 பவுண்டு, அதாவது 907 கிராம் எடையைத் தொங்கவிட்டு, நடுப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்தது என்று பார்க்க வேண்டும். 660ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதே பவுண்டில் சொல்லப்படும் விறைப்பு. 13.2 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 50 பவுண்டு, 16.5 தாழ்ந்தால் 40 பவுண்டு. அளக்கும்போது ஆண்டு வளையங்கள் இணைகோடுகளாகத் தெரியும் பக்கம் மேலே இருக்க வேண்டும். வில்லை ஒட்டி நிற்கப்போவது அந்தப் பக்கம்தான் என்பதால், அம்பு உண்மையில் வளையப்போகும் திசையிலேயே இந்த அளவு அமைகிறது.

ஏன் இவ்வளவு முன்னதாக அளக்க வேண்டும் என்றால், விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. 9 மில்லிமீட்டர் தண்டை 8.7 ஆக்கினால் குறைந்தது 0.3 மில்லிமீட்டர்தான், ஆனால் விறைப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு போய்விடும்; 55 பவுண்டாக இருந்தது 48 ஆகிவிடும். உப்புத்தாளின் சில நிமிட வேலை இது. போன விறைப்பைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே விட்டத்தைக் குறிவைத்துத் தேய்க்காமல் விறைப்பைக் குறிவைத்துத் தேய்த்து, சிறிது தேய்த்ததும் அளந்து, மீண்டும் சிறிது தேய்த்து, வேண்டிய எண்ணுக்கு மேலிருந்து மெல்ல இறங்கி வர வேண்டும். ஒரே மரத்திலிருந்து வந்த குச்சிகளில்கூட ஒரே விறைப்பு வெவ்வேறு விட்டங்களில் கிடைப்பது உண்டு. அதைக் குறையாகக் கருத வேண்டாம். விட்டம் ஒன்றாகவும் விறைப்பு வேறாகவும் உள்ள அம்புகள்தான் இலக்கில் சிதறும்.

எவ்வளவு விறைப்பு வேண்டும் என்பதற்குத் தொடக்கப்புள்ளி, அம்பு எய்பவர் தம் வழக்கமான நீளத்துக்கு நாணை இழுத்துப் பிடிக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது. 28 அங்குலத் தண்டும் 125 கிரெயின், அதாவது ஏறத்தாழ 8 கிராம் முனையும் கொண்ட அம்புக்கு அந்த எண்ணை ஒட்டியே விறைப்பை வைத்துக்கொள்ளலாம். தண்டு ஓர் அங்குலம் நீளமானால் அது தளர்ந்ததுபோல் நடந்துகொள்ளும் என்பதால் 5 பவுண்டு கூட்ட வேண்டும்; குறைந்தால் அதே அளவு கழிக்க வேண்டும். முனையின் எடை கூடினாலும் விறைப்பைக் கூட்ட வேண்டியிருக்கும். பிடியில் அம்புக்கு இடம் வெட்டாத, அகன்ற பிடியுள்ள மர வில்லானால் அம்பு அதிகமாக வளைந்து சுற்றிப்போக வேண்டும், அதற்குச் சற்றுத் தளர்ந்த தண்டு பொருந்தும். இறுதித் தீர்ப்பை இறகு ஒட்டாத தண்டை எய்து பார்த்துத்தான் பெற முடியும். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அது இடப்பக்கம் விலகினால் தண்டு விறைப்பு மிகுந்தது, வலப்பக்கம் விலகினால் தளர்ந்தது. இடக்கையால் இழுப்பவருக்கு இது எதிர்மாறு.

ஒரு தொகுதி அம்புகளுக்குள் விறைப்பு 5 பவுண்டுக்கு மேலும், எடை 10 கிரெயினுக்கு, அதாவது 0.65 கிராமுக்கு மேலும் வேறுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். முழு அம்பின் எடை வில்லின் இழுவிசையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 முதல் 10 கிரெயின் வரை இருப்பது மர வில்லுக்கு நல்லது. மிக எடை குறைந்த அம்பு வில்லின் ஆயுளையே குறைத்துவிடும்.

நேராக்குதல்

மரத்தண்டு தானாக நேராக இருப்பது அரிது. தண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வெளிச்சம் வரும் சன்னலை நோக்கி மெல்லச் சுழற்றினால், எங்கே வளைவு இருக்கிறதோ அங்கே ஒளிக்கோடு விலகித் தெரியும். வளைவின் புடைத்த பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, அந்த இடத்தை அடுப்பின் அனலுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, நிறுத்தாமல் சுழற்றிச் சூடாக்க வேண்டும். கையால் தொட்டால் பொறுக்கும் சூடே போதும். நிறம் மாறத் தொடங்கினால் மரம் கருகி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். பிறகு புடைத்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, நேர்நிலையைச் சற்றுத் தாண்டி எதிர்ப்பக்கம் வளைத்து, சூடு தணியும் வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பெரிய வளைவை முதலில் எடுத்துவிட்டால் சிறிய நெளிவுகள் பல தாமாகவே மறைந்துவிடும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் திரும்பியிருக்கும். மீண்டும் செய்ய வேண்டும். முழுநீளமும் சேர்ந்து ஒரே வில்வளைவாக இருக்கும் மெல்லிய கோணலை எளிதில் எடுத்துவிடலாம். நுனிக்கு அருகில் உள்ள திடீர் மடிப்பு அடங்கவில்லையென்றால், அந்த அளவுக்குத் தண்டைக் குறைத்து, நீளம் குறைந்த அம்பாக்கிக்கொள்வதே சரி.

நாண்பிளவும் மேற்பூச்சும்

எந்த நுனி பின்பக்கம் வர வேண்டும் என்பதை இழையே சொல்லிவிடும். ஆண்டு வளையங்களின் வெட்டு கூர்முனைகளாக முடியும் இரு முகங்களுள் ஒன்று அம்பின் மேற்பக்கமாக அமையும். அந்த மேல்முகத்திலுள்ள கூர்முனைகள் இலக்கை நோக்கியிருக்கும்படி தண்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இப்படி இருந்தால், எய்யும்போது தண்டு இழைவழியே பிளந்தாலும் பின்துண்டு கையின்மேல் இறங்காமல் மேல்நோக்கி வழுக்கிப்போக வாய்ப்பு அதிகம்.

நாண் பொருந்தும் பிளவை ஆண்டு வளையங்களுக்குக் குறுக்காகவே வெட்ட வேண்டும். வளையங்களுக்கு இணையாக வெட்டினால், ஒவ்வொரு முறை எய்யும்போதும் நாண் ஆப்பைப்போல் இழைகளை விலக்கிக்கொண்டே வந்து ஒருநாள் தண்டைப் பிளந்துவிடும். மெல்லிய ரம்பத்தால் ஒரு சென்டிமீட்டர் ஆழம் அறுத்து, நாணின் தடிமனுக்கு ஏற்ப அரத்தால் அகலப்படுத்தி, அடிப்பகுதியை வட்டமாக்கி, உட்புறத்தை வழவழப்பாக்க வேண்டும். அம்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் நாணிலிருந்து விழாமலும், நாணை விரலால் சுண்டினால் கழன்று விழும்படியும் பிடிப்பு இருப்பது சரியான அளவு. பிளவுக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டுநூலையோ விலங்கின் தசைநாரையோ பசை தடவி நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவதைத் தவிர்க்கக் கூடாது. வலிமை மிகுந்த வில்லுக்கு, பிளவுக்குச் செங்குத்தாக ஒரு மெல்லிய கொம்புத் தகட்டையோ கடினமரத் தகட்டையோ முதலிலேயே பதித்துவிடுவது பாதுகாப்பு. பிளவு வெட்டாமல் பிளாஸ்டிக் நாண்பிடி பொருத்துபவர்கள் பின்நுனியை 11 பாகையிலும், உலோக முனைக்காக முன்நுனியை 5 பாகையிலும் கூம்பாகச் சீவ வேண்டும். பென்சில் சீவியைப்போன்ற கருவி இதற்கென்றே கிடைக்கிறது. விரும்பினால் பின்பக்கம் 25 சென்டிமீட்டர் நீளத்தை 8.7 மில்லிமீட்டரிலிருந்து 7.9க்கு மெல்ல ஒடுக்கலாம். அம்பு வில்லை உரசாமல் விலகிப் போக அது உதவும்.

மேற்பூச்சு ஈரத்தைத் தடுப்பதற்காகவே. அரக்கு வார்னிஷையோ உலரும் எண்ணெயையோ துணியில் நனைத்து மிக மெல்லிய பூச்சாகப் பூசி, காய்ந்ததும் 320ஆம் எண் உப்புத்தாளால் வருடி, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தால் போதும். தடிமனாகப் பூசினால் எடை வீணாகக் கூடும். முனையும் நாண்பிடியும் ஒட்டப்போகும் கூம்புகளில் பூச்சு படக் கூடாது. இறகு ஒட்டும் பசை அந்தப் பூச்சின்மேல் பிடிக்கிறதா என்பதையும் வெட்டுத் துண்டு ஒன்றில் முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும்.

முடிந்த தண்டை முதன்முறை எய்வதற்கு முன்பும், பிறகு இலக்கிலிருந்து பிடுங்கும் ஒவ்வொரு முறையும், இரு கைகளாலும் பிடித்து முகத்திலிருந்து விலக்கி, பக்கத்துக்குப் பக்கம் இலேசாக வளைத்து, காதால் கேட்கவும் விரலால் தடவவும் வேண்டும். மெல்லிய நெறிப்போசை கேட்டாலோ, முனைக்குப் பின்னால் மயிரிழை போன்ற வெடிப்பு தட்டுப்பட்டாலோ, அந்தத் தண்டை அங்கேயே இரண்டாக ஒடித்துவிட வேண்டும். ஒடிக்காமல் வைத்தால் மறதியில் மீண்டும் அம்புக்கூட்டுக்குள் போய்விடும். கப்பிகள் பொருத்திய நவீன காம்பவுண்ட் வில்லில் இந்தத் தண்டுகளை எய்யவே கூடாது. நல்ல தண்டுகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல், செங்குத்தாகத் தொங்கவிட்டோ மூன்று இடங்களில் தாங்கு கொடுத்துக் கிடத்தியோ, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைக்க வேண்டும்.